காப்பு நிலப் பராமரிப்புக்கான மானிய விண்ணப்பங்கள்: கையால் எழுதிய மூன்று பக்கங்களுக்கு எப்படிப் புள்ளி போடுவது?

கேள்வி: திருமலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

அரசுக்குச் சொந்தமான காப்பு நிலங்களைச் சமூக அமைப்புகள் பொறுப்பெடுத்துப் பராமரிப்பதற்காக வழங்கப்படும் சிறு மானியம் ஒன்றின் மதிப்பீட்டுக் குழுவில், வெளி உறுப்பினராக என்னையும் இவ்வாண்டு சேர்த்திருக்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் கற்பித்து வருகிறேன். விண்ணப்பங்களை மதிப்பிட்டுப் பழக்கமில்லை. எங்கள் மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளிலிருந்து 14 விண்ணப்பங்கள் வந்துள்ளன. கையிலுள்ள பணம் நான்குக்கு மட்டுமே போதும். ஆகவே பத்து ஊர்க்காரருக்கு இல்லையென்று சொல்ல வேண்டியிருக்கிறது; அதை நியாயமாகச் சொல்ல வேண்டுமே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் தரப்பட்ட புள்ளித் தாளில் அமைப்பின் முன்னனுபவத்துக்கு 25, திட்ட விளக்கத்தின் தெளிவுக்கு 25, வரவுசெலவு மதிப்பீட்டுக்கு 20, பயன்பெறுவோர் எண்ணிக்கைக்கு 15, நிலைபேறுக்கு 15 என்று 100 புள்ளிகள் பிரிக்கப்பட்டுள்ளன. பார்க்க ஒழுங்கான தாள்தான். ஆனால் இரண்டு விண்ணப்பங்களை அருகருகே வைத்தபோது என் மனம் ஒப்பவில்லை.

முதலாவது 42 பக்கங்கள். தட்டச்சு செய்து, வண்ணப் படங்களுடன், ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. களப்புக் கரையில், உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் 10,000 கன்றுகளை நடுவதாகச் சொல்கிறது. இரண்டாவது, ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமிருந்து வந்த மூன்று பக்கம். கோடு போட்ட கொப்பித் தாளில் தமிழில் எழுதியிருக்கிறார்கள். அதே களப்பின் இன்னொரு கரையைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். எத்தனை கன்று நடுவோம் என்று எங்குமே எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு வரைபடம் இருக்கிறது. வீதிக்குக் கீழே போகும் மதகு ஒன்றை வரைந்து, அதன் வாயில் புள்ளி புள்ளியாக மணலைக் காட்டி, பக்கத்தில் "இதனால் மூன்று வருடமாக உள்ளே தண்ணீர் ஏறவில்லை, மரம் காய்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். கேட்கும் பணமும் முதலாவதில் ஐந்திலொரு பங்குதான்.

புள்ளித் தாளின்படி முதலாவதற்கு 86 வந்தது, இரண்டாவதற்கு 51. கணக்கில் பிழையில்லை. ஆனாலும் அந்த 51ஐ எழுதிய பின்னர் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நிலாவெளிக் கரையைச் சுத்தம் செய்யும் திட்டமொன்று, மொறவெவப் பக்கம் யானை வேலி கேட்கும் விண்ணப்பம் ஒன்று, பற்றைக்காடாகக் கிடக்கும் தரிசு நிலத்தை மீண்டும் காடாக்கும் யோசனை ஒன்று என மற்றவையும் இருக்கின்றன. இத்தகைய விண்ணப்பங்களை எழுதியவர்களும், மதிப்பிட்டவர்களும், அவற்றால் பயனோ பாதிப்போ அடைந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். விண்ணப்பத்தில் எதைத் தேட வேண்டும், எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்று சொல்வீர்களா?

பதில்: கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற வன உத்தியோகத்தர்

அன்புள்ள டீச்சர்,

அந்த நீலப் பேனை வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த 14 கோப்புகளிலும் மிகப் பெறுமதியான பக்கம் அதுவாக இருக்கக்கூடும். ஏனென்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளுக்கு நிதி வந்து குவிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கண்டல் இருந்த கரையை அலை குறைவாகத் தாக்கியது என்ற பேச்சு பரவியது. எல்லோரும் கண்டல் நட விரும்பினார்கள். நானும் அப்படியொரு நடுகையை மேற்பார்வை செய்தேன். எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். சேற்றுத் திடலில் மூங்கில் குச்சி ஊன்றி, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு கன்றைக் கட்டி, வரிசை பிசகாமல் நட்டோம். நட்ட கன்றுகளை எண்ணிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன், பணமும் விடுவிக்கப்பட்டது. அடுத்த மாரி கழிந்து போய்ப் பார்த்தபோது குச்சிகள் அப்படியே நின்றன. கன்றுகளின் தண்டைச் சுற்றி வெள்ளை ஓட்டுயிர்கள் தடித்துப் படிந்து, பாரம் தாங்காமல் அவை சரிந்து கிடந்தன. கரைக்குக் கிட்ட நின்றவற்றை மாடுகள் நுனியோடு கடித்திருந்தன. நான் கையொப்பமிட்ட எண்ணிக்கையில் பொய் எதுவும் இல்லை, நட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சேற்றில் கண்டல் ஒருநாளும் வளர்ந்ததில்லை என்பதை அருகில் வலை வீசிக்கொண்டிருந்த கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே அறிந்திருப்பேன். கேட்கவில்லை என்பதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமென்று எண்ண வேண்டாம். 2017இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்த்தார்கள். நடுகைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில், 200 ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடுதலான பகுதியில் மட்டுமே மரங்கள் நிலைத்திருந்தன. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. தவறான மட்டத்தில் நட்டதும், இடத்துக்குப் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்ட பிறகு எவரும் திரும்பிப் பார்க்காததும்தான் காரணம்.

மட்டம் என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில் கடல்நீரின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சிறிய உயரத்துக்குள்தான் கண்டற் காட்டு மர இனங்களில் கண்டலுக்கு ஓரிடம், கண்ணாவுக்கு ஓரிடம், இன்னும் மேட்டில் தில்லைக்கு ஓரிடம் என்று வகுபட்டிருக்கிறது. ஒரு சாண் தாழ்வாக நட்டால் கன்று நெடுநேரம் மூழ்கிக் கிடந்து அழுகும். ஒரு சாண் உயர்வாக நட்டால் உப்புப் பூத்த மண்ணில் காயும். அத்துடன், கண்டற் காய்கள் மரத்திலேயே முளைவிட்டு நீண்டு தொங்குவதால் பறித்து ஊன்றுவது எளிது. எனவே எங்கும் அதையே நட்டார்கள். கண்ணா நிற்க வேண்டிய இடத்தில் கண்டலைக் கொண்டுபோய் வைத்தால் அது நிற்காது.

இப்போது மாதர் சங்கத்தின் வரைபடத்துக்கு வாருங்கள். மதகு அடைபட்டு மூன்று வருடமாகத் தண்ணீர் ஏறவில்லை என்று அவர்கள் நோயின் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நீரோட்டம் நின்ற இடத்தில் 10,000 கன்று நட்டாலும் காயும். நீரோட்டம் திரும்பிய இடத்தில், பக்கத்தில் தாய்மரம் இருந்தால், தண்ணீரே விதையைக் கொண்டுவந்து தகுந்த மட்டத்தில் சேர்க்கும். அவர்கள் எத்தனை கன்று நடுவோம் என்று எழுதாததைக் குறையாகப் பார்க்க வேண்டாம்; அந்த இடம் அவர்களுக்குத் தெரிந்திருப்பதன் அறிகுறியாகவே நான் பார்க்கிறேன். 42 பக்கத் திட்டத்தில் அந்தக் கரையில் கண்டல் ஏன் இல்லாமற் போனது என்று ஒரு பந்தியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முன்பு அங்கே மரம் நின்றதா, நின்றிருந்தால் எதனால் அழிந்தது, அந்தக் காரணம் இன்று நீங்கிவிட்டதா என்ற மூன்றுக்கும் விடையில்லாமல் கன்றின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் விண்ணப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பணம் கொடுக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாதர் சங்கத்தின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்தால் அவர்களுக்கு நன்மை செய்ததாகாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தின்படி, கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர். கடலோடு தொடுக்கும் களப்பு, ஆற்றுவாய் போன்றவற்றில் அது உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை செல்லும். அதற்குள் மணலைத் தோண்டுவதற்கு அனுமதி வேண்டும். மதகு வீதிக்குச் சொந்தமானதாகையால் வீதியைப் பராமரிக்கும் நிறுவனத்தின் சம்மதமும் தேவை. கண்டல் நிற்கும் நிலம் வனத் திணைக்களத்தின் கீழ் ஒதுக்கப்பட்டிருந்தால் அவர்களிடமும் கடிதம் பெற வேண்டும். இத்தனை வாசற்படிகளையும் ஏற ஒரு கிராமத்துச் சங்கத்தால் இயலாது என்று எண்ணி விண்ணப்பத்தைத் தள்ளிவிடாதீர்கள். முதல் தவணையை அனுமதி பெறும் வேலைக்கும் மட்டம் அளக்கும் வேலைக்கும் மட்டும் கொடுத்து, மணல் அகற்றும் பணத்தை அனுமதி கிடைத்த பிறகு விடுவிக்கலாம். மானியம் வழங்குபவர்களே பிரதேச செயலகத்தில் எல்லாத் திணைக்களத்தாரையும் ஒரு மேசையில் இருத்தினால் ஆறு மாத அலைச்சல் ஒரு நாளில் முடியும்.

ஒன்றை மட்டும் இறுதியாகச் சொல்கிறேன். பராமரிப்பு மானியம் என்பது ஆளுக்குக் கொடுக்கும் மானியம். பணம் முடிந்த மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் கரையில் யார் நடந்துகொண்டிருப்பார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு முகம் நினைவில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

பதில்: பன்குளம் விவசாயி

யானை வேலி விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

டீச்சர், முதலில் அவர்கள் வேலியை எங்கே போடப் போகிறார்கள் என்று பாருங்கள். காட்டின் எல்லைக் கோடு வழியே நீளமாகப் போட்ட வேலிகளின் இரு புறமும் யானை நிற்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம், ஏனெனில் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று யானைக்குத் தெரியாது. யானை–மனித மோதலைத் தணிப்பதற்கென 2020இல் தயாரிக்கப்பட்ட தேசியச் செயற்திட்டமும் வீடுகளைச் சுற்றிக் கிராம வேலியும், வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றிவிடும் வேலியும் போடுவதையே வலியுறுத்துகிறது. அறுவடைக்குப் பின் யானை வயலுக்குள் வந்து அரிதாளை மேய்ந்துவிட்டுப் போகட்டும். அதனால் நமக்கு நட்டமில்லை.

அடுத்ததாக, புல் வெட்டுவது யாரென்று கேளுங்கள். மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் புல்லும் கொடியும் எழுந்து கீழ்க்கம்பியைத் தொடும். தொட்டவுடன் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். யானை அதைத் துதிக்கையால் தொட்டுப் பார்க்காது. மரக்கிளையைத் தள்ளிச் சோதித்துவிட்டு நடந்து வரும். எங்கள் பகுதியில் ஒரு வேலி சும்மா கம்பியாகிப் போனதற்கு இதுதான் காரணம். கம்பிக்கும் தூணுக்கும் சூரியத் தகட்டுக்கும் விலை போட்டவர்கள், பற்றரி பழுதானால் மாற்றுவதற்கு வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சேர்க்கும் ஏற்பாட்டை எழுதியிருக்கிறார்களா, எந்தக் குடும்பத்துக்கு எந்த முறை என்று துப்புரவுப் பட்டியல் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வேலியால் திரும்பும் யானை எங்கே போகும் என்பதும் முக்கியம். அது அடுத்த ஊருக்குத்தான் வரும். அந்த அடுத்த ஊர் தமிழ் ஊரோ, சிங்கள ஊரோ, முஸ்லிம் ஊரோ, அங்குள்ள விவசாயச் சம்மேளனத்திடம் பேசினோம் என்ற ஒரு கடிதம் கோப்பில் இல்லையென்றால் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்றே நான் கருதுவேன்.

பதில்: மூதூர்க் கணக்காளர்

கிண்ணியா நானா சொன்னவற்றை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் அழகாக எழுதப்பட்ட விண்ணப்பத்தைச் சந்தேகத்தோடும், கையால் எழுதியதைப் பரிவோடும் பார்க்கும் பழக்கம் குழுவுக்கு வந்துவிடக் கூடாது. நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கும் களம் தெரிந்திருக்கலாம். எழுதத் தெரியாத சங்கத்திலும் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே வீட்டுக்காரராக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இரண்டு வகையினரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கணக்குப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது சங்கத்தின் வங்கிப் புத்தகம். அதில் பெரிய தொகை இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதில்லை. மாதாமாதம் சிறு சந்தாப் பணம் வைப்பிலிடப்பட்டு வந்திருந்தால் அந்தச் சங்கம் கூடுகிறது என்று பொருள். விண்ணப்பம் கோரப்பட்ட மாதத்தில் திறக்கப்பட்ட கணக்கென்றால் இன்னும் விசாரிக்க வேண்டும். அடுத்தது கூட்டக் குறிப்புப் புத்தகம். இந்தத் திட்டத்தைப் பற்றி எந்தத் திகதியில், எத்தனை பேர் பேசினார்கள், எவராவது எதிர்த்தார்களா என்று பாருங்கள். எதிர்ப்பு ஒன்றாவது பதியப்பட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

சமூகத்தின் பங்களிப்பைப் பற்றி ஒரு சொல். உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் உலகளவில் தொடங்கியபோதே, மானியம் பெறும் சமூகமும் பணமாகவோ உழைப்பாகவோ தன் பங்கைச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. நல்ல வழக்கம்தான். ஆனால் சிரமதானத்தில் பெண்கள் பாடுபட்ட நாட்களைக் கணக்கில் எழுதும்போது அவர்களின் நாட்கூலியைக் குறைத்துப் போட்டு, தலைவர் தன் அறையைக் கூட்டத்துக்குக் கொடுத்ததற்கு உயர்ந்த வாடகை போடுகிறார்கள். அன்று அந்த ஊரில் வயல் வேலைக்கு என்ன கூலியோ அதையே போடச் சொல்லுங்கள். எழுதப்படாத உழைப்பு எவ்வளவென்று அப்போது தெரியவரும். அந்தத் திட்டத்தில் நீங்கள் பின்பற்றத்தக்க வேறொன்றும் உண்டு. நாடு தோறும் தேர்வு செய்யும் குழுவில் அரசு சாராத உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

உங்கள் புள்ளித் தாளில் முன்னனுபவத்துக்கு 25 என்பது அதிகம். முன்பு பணம் பெற்றவர்களுக்கே மீண்டும் பணம் கிடைக்க அது வழிசெய்கிறது. "இதற்கு முன் பெற்ற மானியங்கள்" என்ற நிரலுக்குப் பதிலாக, "பணம் இல்லாமல் இந்த நிலத்துக்கு இதுவரை என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் அந்த மாதர் சங்கம் எவ்வளவு எடுக்குமோ தெரியாது, குறைந்தது பேச இடமாவது கிடைக்கும்.

உறவுப் பிரச்சினையையும் தள்ளிப்போட வேண்டாம். நமது மாவட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவருக்கு ஏதோவொரு விண்ணப்பதாரர் மச்சானாகவோ, படித்த பிள்ளையாகவோ இருப்பார். அது குற்றமல்ல. அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லி, குறிப்பில் பதிந்து, அந்த விண்ணப்பம் எடுக்கப்படும்போது அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும். நிராகரிக்கப்படும் பத்துப் பேருக்கும் காரணத்தை எழுத்தில், அவர்கள் விண்ணப்பித்த மொழியிலேயே, கொடுங்கள்.

பதில்: சம்பூர் வாசகர்

பற்றைக்காடாகக் கிடக்கும் தரிசு நிலத்தைக் காடாக்குவது என்ற விண்ணப்பத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 2006இல் ஊரை விட்டுப் போனோம். சிலர் 2015இலும் வேறு சிலர் அதற்குப் பின்னரும் திரும்பினோம். திரும்பி வந்தபோது என் அப்பாவின் தோட்டக் காணியில் கிணற்றுக் கட்டை மறைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் பற்றை நின்றது. வெளியூரிலிருந்து வரும் ஒருவர் அதைக் காடென்றுதான் சொல்வார். கிணற்றைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கத்தியோடு அரை நாள் சென்றது.

டீச்சர், அந்த நிலம் யாருடையது என்று கோப்பில் ஒரு வரி "அரச காணி" என்று இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட ஒப்பக் காணியும், அதாவது அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த நிலமும், தாளில் அரச காணிதான். அதை உழுதவருக்கு அதில் உரிமை உண்டு. இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவர்கள் பலர். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் கேட்டுவிட்டு, அந்த ஊரின் இரண்டு மூன்று முதியவர்களோடு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். பழைய கிணறு, வரம்பு, வரிசையாக நிற்கும் பனை, வீட்டு அத்திவாரம் ஏதேனும் இருந்தால் அங்கே மரம் நடுவதை நிறுத்தி வைத்து, காணிப் பிரச்சினை தீரட்டும் என்று சொல்லுங்கள். காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் காணிக்கு மேல் மானியத்தில் நட்ட மரம் நின்றால் அதைக் காக்க எங்களுக்கு மனம் வராது, வெட்டவும் மனம் வராது.

பதில்: நிலாவெளி வாசகி

என் கணவர் எங்கள் கரைக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறார். கரைச் சுத்தம் பற்றிய விண்ணப்பத்துக்கு இரண்டு செய்திகள் மட்டும்.

புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. கடலும் பாறையும் சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டேயர். அதற்குள் எதைச் செய்வதானாலும், பவளப் பாறையில் சிக்கிய வலையை எடுப்பதானாலும்கூட, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். ஆகவே விண்ணப்பம் தீவைச் சொல்கிறதா, எதிர்க்கரையை மட்டும் சொல்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேலும், ஜூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினத்தன்று ஒரு நாள் சுத்தம் செய்வதற்குப் பணம் கேட்டிருந்தால் அது போதாது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் ஒதுக்கிப்போடும் பிளாஸ்ரிக்கும் அறுந்த வலையும் ஜனவரி, பெப்ரவரியில் மணலுக்குள் புதையத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் யார் வருவார்கள் என்று கேளுங்கள்.

பவளப் பாறை மீது சுற்றுலாப் பயணிகள் ஏறி நிற்பதைத் தடுப்பதுதான் தீவுக்கு உண்மையில் தேவையான வேலை. படகோட்டிகள் கரையிலேயே ஐந்து நிமிடம் பேசி விளக்கினால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். அதற்கு மானியம் கேட்டு எவரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை எங்கள் சங்கம் எழுதும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: திருமலை ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் குழு கூடியது. கணக்காளர் அண்ணா சொன்னபடி, என்னிடம் படித்த ஒருவர் 42 பக்க விண்ணப்பத்தின் இணைப்பாளர் என்பதை முதலிலேயே சொல்லிக் குறிப்பில் பதிவித்தேன். கிண்ணியா நானாவின் மூன்று கேள்விகளையும் குழுவில் வாசித்தேன். 42 பக்கத்திலும் மரம் ஏன் அழிந்தது என்று தேடினோம். "மனிதச் செயற்பாடுகளால்" என்ற ஒரு சொற்றொடர் மட்டுமே கிடைத்தது. அந்த இணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கரையின் பாதிப் பகுதியில் முன்பு மரம் நின்றதேயில்லை என்பதை அந்தப் பிள்ளை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அதற்காக அவரை மதிக்கிறேன். திட்டத்தைத் திருத்தித் தர இரண்டு கிழமை கொடுத்திருக்கிறோம். காடாக்கும் விண்ணப்பத்தைக் காணிப் பிரிவின் கடிதம் வரும்வரை நிறுத்தியிருக்கிறோம். யானை வேலிக்காரரிடம் துப்புரவுப் பட்டியலும் அயல் ஊரின் கடிதமும் கேட்டிருக்கிறோம்.

புள்ளிகளை இப்போது இறுதியாக்காமல், முன்னணியில் உள்ள ஏழு இடங்களையும் நேரில் பார்ப்பது என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் வாகனத்துக்கு ஒரு நாள்தான் தருவோம் என்றார்கள். வாதாடி மூன்று நாளாக்கினோம். மாதர் சங்கத்தின் மதகைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று நானா சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற வன உத்தியோகத்தர்

நல்ல முடிவு டீச்சர். அமாவாசை அல்லது பறுவத்தை (முழுநிலவை) ஒட்டிய நாளைத் தெரிந்தெடுங்கள். அப்போதுதான் வற்று நன்றாக வற்றும், பெருக்கு நன்றாக ஏறும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கூடியதாக வற்று நேரத்தில் போய்ச் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய், பெருக்கு வரும்வரை இருங்கள்.

மதகின் இரு புறமும் ஒவ்வொரு தடியை ஊன்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் நூலைக் கட்டுங்கள். பெருக்கு வந்தபின் கடற்பக்கத் தடியில் தண்ணீர் ஏறி, உட்பக்கத் தடியில் ஏறாமல் நின்றால் அந்தப் பெண்கள் சொன்னது சரி. உள்ளே நிற்கும் கண்ணா மரங்களின் அடியில் குனிந்து மூச்சுவேர்களைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து நொறுங்குகின்றனவா, இன்னும் ஈரமாக வளைகின்றனவா என்று தெரியும். வளைந்தால் இன்னும் காலம் இருக்கிறது. மரத்தின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்றும் பாருங்கள். உயிரோடு காய்க்கும் தாய்மரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அடி போட்டு அளந்துகொள்ளுங்கள்.

போகும்போது மீனவர் சங்கத் தலைவருக்கும் சொல்லி அனுப்புங்கள், ஏனெனில் மதகு திறந்தால் உள்ளே இறால் ஏறும். இறால் ஏறினால் வலை வரும். வலை போடுவோருக்கும் மரம் காப்போருக்கும் இப்போதே பேச்சு வேண்டும். எனக்கும் ஒரு இருக்கை வைத்தால் வருகிறேன். அந்த மூன்றாம் பக்கத்தின் மூலப் பிரதியை மறக்காமல் கொண்டுவாருங்கள். அதை வரைந்தவர் யாரென்று சங்கத்தில் கேட்டு, அவரையே முன்னால் நடக்க விடுங்கள்.